ஏற்கப்படாத இராஜினாமா: வந்தாறுமூலைத் துணைவேந்தர் ஒருவரின் கதை

2006 ஒக்டோபர் தொடக்கத்தில் கொழும்பு வார்ட் பிளேசில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு இராஜினாமாக் கடிதம் போனது. அனுப்பியவர் மட்டக்களப்பு வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பேராசிரியர் சிவசுப்பிரமணியம் ரவீந்திரநாத். விவசாய விஞ்ஞானி, வயது 55. அவருடைய கலைப் பீடாதிபதி கடத்தப்பட்டிருந்தார். துணைவேந்தர் பதவி விலகினால்தான் ஆளை விடுவோம் என்று கடத்தியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

பீடாதிபதி விடுவிக்கப்பட்டார். கடிதத்தை ஆணைக்குழு ஏற்கவில்லை. கொழும்பில் இருந்தே கடமையைப் பார்க்கட்டும் என்றது. டிசெம்பர் 15ஆம் திகதி துணைவேந்தர் அதே கொழும்பில் காணாமற்போனார்.

இவ்வளவையும் மட்டக்களப்பில் நாற்பது தாண்டிய எவரும் சொல்லிவிடுவார்கள். நான் பார்க்க விரும்புவது அந்தக் கடிதத்துக்கும் டிசெம்பர் 15க்கும் நடுவில் கிடக்கிற இரண்டரை மாதத்தை. முப்பது வருடம் அரச கந்தோர்களில் எழுதுவினைஞராகக் கிடந்து தேய்ந்தவன் நான். கடிதம் ஒன்று வந்தால் அதற்கு என்ன நடக்கும், ஒன்றும் நடக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

கதிரை

எங்கள் பக்கத்தில் துணைவேந்தரை யாரும் துணைவேந்தர் என்று வாயால் சொல்வதில்லை. 'வீ.சி.' தான். வேந்தர் என்று ஒருவர் இருக்கிறார்; அவர் பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி போட்டுக்கொண்டு வருவார். மற்ற நாளெல்லாம் கதிரையில் இருப்பவர் வீ.சி.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் அந்தக் கதிரைமேல் ஏற்றிவைத்திருக்கும் சுமையை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். அவரே பிரதான நிறைவேற்று அலுவலர், அவரே பிரதான கல்வி அலுவலர், கணக்குக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. நிர்வாகத்தைப் பார்க்கிற பேரவைக்கும் அவர் தலைவர், படிப்பு விசயங்களைப் பார்க்கிற மூதவைக்கும் அவர் தலைவர். வளாகத்துக்குள் ஒழுக்கம் பேணுவதும் அவர் தலையில். விடுதியில் தண்ணீர் வராவிட்டாலும், பகிடிவதையில் பிள்ளை ஒன்றுக்கு ஏதும் நடந்தாலும், கந்தப்பளையில் இருக்கும் தகப்பன் முதலில் கேட்பது வீ.சி. எங்கே என்றுதான்.

இவ்வளவையும் சுமக்கிறவருக்குத் தவணை மூன்று வருடம். பேரவை மூன்று பெயரைத் தெரிந்து அனுப்பும், ஆணைக்குழு பரிந்துரைக்கும், நியமிப்பவர் ஜனாதிபதி. பேரவையில் பதவிவழி வருகிறவர்களையும் மூதவைப் பிரதிநிதிகளையும்விட ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிக்கிற உறுப்பினர்கள் ஒருவரால் கூடுதலாக இருப்பார்கள். அந்த ஒற்றை ஆள் சின்ன விசயம் இல்லை. வீ.சி. தெரிவு நெருங்கும்போது எந்த வெளி உறுப்பினர் யாருடைய ஆள் என்று ரீக் கடையில்கூடக் கணக்குப் பார்ப்பார்கள்.

ஆக, ஒரு வீ.சி.யின் வேர் இரண்டு இடத்தில் கிடக்கிறது. அதிகாரம் கொழும்பிலிருந்து வருகிறது. அவர் வாழ்வது செங்கலடிச் சந்திக்குப் பக்கத்தில். நல்ல காலத்தில் இது பெரிய இடைஞ்சல் இல்லை.

இடம்

மட்டக்களப்பிலிருந்து வடக்கே திருகோணமலை வீதியால் போனால், ஏறாவூரும் செங்கலடியும் கழிய வருவது வந்தாறுமூலை. ஒரு பக்கம் வீதி, மறுபக்கம் வயல். 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி அங்கே இருந்த மத்திய மகா வித்தியாலய வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. பள்ளிக்கூடக் கட்டடம்தான் முதல் பல்கலைக்கழகக் கட்டடம். 1978 நவம்பர் சூறாவளி மாவட்டத்தையே புரட்டிப்போட்டு மூன்று வருடம்கூட ஆகவில்லை. தென்னைகள் இன்னும் காய்க்கத் தொடங்காத காலம். விஞ்ஞானமும் விவசாயமும் முதற் பீடங்கள். வயலுக்கு நடுவில் விவசாய பீடம் வந்தது பொருத்தம்தான் என்று அப்போது ஊர்ப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு சொன்னது எனக்கு ஞாபகம்.

1986 ஒக்டோபர் 1ஆம் திகதி அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. கல்லூரியாக இருந்தபோது பணிப்பாளராக இருந்த விலங்கியற் பேராசிரியர் கே. டி. அருள்பிரகாசம் முதல் துணைவேந்தர் ஆனார்.

நாலே வருடத்தில் அந்த வளாகம் அகதி முகாம் ஆனது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்க, சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பல்லாயிரம் பேர் பல்கலைக்கழகத்துக்குள் வந்து தங்கினார்கள். விரிவுரை மண்டபத்தில் பாய் விரித்தார்கள், ஆய்வுகூட வாசலில் அடுப்பு மூட்டினார்கள். எஞ்சியிருந்த விரிவுரையாளர்கள் சிலர்தான் முகாம் நிர்வாகிகள். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் வளாகத்தைச் சுற்றி வளைத்து 158 பேரைக் கொண்டு போனது. அவர்கள் திரும்பி வரவில்லை. வருடா வருடம் செப்டெம்பர் 5இல் அங்கே விளக்கு ஏற்றுகிறார்கள்.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. 158 என்ற எண்ணிக்கை இன்றைக்கும் நமக்குத் தெரிகிறதென்றால், யாரோ உட்கார்ந்து பெயர் எழுதியதால்தான். முகாமை நடத்தியவர்களில் ஒருவரான தாவரவியல் விரிவுரையாளர் தங்கமுத்து ஜெயசிங்கம் பின்னாளில் இதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வந்தார். இந்த நிறுவனத்தில் நிர்வாகம் என்றால் நேரசூசியும் வரவுசெலவும் மட்டும் என்று யாரும் நினைக்க முடியாது. ஆள் இருந்தார், இன்னாருடைய மகன், இன்ன நேரம் கொண்டுபோனார்கள் என்று எழுதிவைப்பதும் அங்கே நிர்வாகம்தான்.

1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையில் தொடங்கி அடுத்த வருடமே பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் நிலைகொண்டதும் இந்தக் கதையின் ஒரு கிளை. யுத்தத்தாலும் இனமுறுகலாலும் முஸ்லிம் பிள்ளைகள் வந்தாறுமூலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்ப் படிக்க முடியாமற்போனதன் விளைவு அது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம். எச். எம். அஷ்ரஃப் இல்லாவிட்டால் அது நடந்திராது. அதன் முதல் துணைவேந்தர் பேராசிரியர் எம். எல். ஏ. காதர் புதிதாக ஒன்றைக் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது, வந்தாறுமூலை வீ.சி.மாருக்கு இருப்பதை உடையாமல் பிடித்துக்கொள்வதே வேலையாக இருந்தது.

2004க்குப் பிறகு

2004 மார்ச்சில் புலிகள் இயக்கத்திலிருந்து அதன் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து வியாபாரிகள் மட்டக்களப்பு ரவுணை விட்டுப் போகச் சொல்லப்பட்டதும், அவர்கள் கடையைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு லொறி ஏறியதும் ஊர் கண்டது. எத்தனையோ காலமாக முணுமுணுப்பாக இருந்த யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார் என்ற பேச்சு துவக்கோடு சேர்ந்துகொண்டது. ஒரு கந்தோரில் யார் தலைவர், யாருக்கு வேலை, எந்த ஒப்பந்தம் யாருக்கு என்பதெல்லாம் அதற்குப் பிறகு வேறு மாதிரிப் பார்க்கப்பட்டது.

மே மாதத்தில் கிழக்குப் பல்கலைக்கழகப் பொருளியல் விரிவுரையாளர் குமாரவேல் தம்பையா சுட்டுக்கொல்லப்பட்டார். அதே மாதக் கடைசி நாளில் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன். டிசெம்பர் 26இல் சுனாமியாகக் கடல் வந்தது. நாவலடி இல்லாமற்போனது, கல்லடிக் கரை முழுக்க மரண வீடு. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் தேவாலயத்துக்குள்ளேயே சுடப்பட்டார். 2006 நடுப்பகுதியில் மாவிலாற்று அணைக்கட்டுச் சண்டையோடு முழு யுத்தம். மாவட்டத்தின் வடக்கே வாகரைச் சனம் காடு வழியாகவும் கடல் வழியாகவும் தெற்கே இறங்கத் தொடங்கிவிட்டது.

இந்த வருடங்களில்தான் ரவீந்திரநாத் அந்தக் கதிரையில் இருந்தார். அவருடைய ஆராய்ச்சி, மண், பயிர், இதெல்லாம் என்னவாகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. ஒரு விவசாயப் பேராசிரியருக்கு மாரி தொடங்கும் ஒக்டோபர் மாதம் பெரும்போக விதைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய மாதம்.

கடிதம்

2006 செப்டெம்பரில் கலைப் பீடாதிபதி பால சுகுமார் கடத்தப்பட்டார். நாடகத் துறையில் தமிழுலகம் அறிந்தவர். கடத்தியவர்கள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. துணைவேந்தரிடம்தான் கேட்டார்கள், பதவியை. மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை கருணா குழுவின் மீது சந்தேகத்தை வைக்கிறது. ரவீந்திரநாத்துக்கு அதற்கு முன்னரே மிரட்டல்கள் வந்திருந்ததையும் அது சொல்கிறது.

அவர் தாமதிக்கவில்லை, கடிதத்தைக் கொடுத்தார். இந்தக் கதையில் ஒரு துணைவேந்தர் தன் கையால் எடுத்த மிகத் தெளிவான முடிவு இதுதான் என்பது என் எண்ணம். தன் கதிரையை விடத் தன் பீடாதிபதியின் உயிர் பெரிது என்று முடிவெடுக்க அவருக்குச் சுற்றறிக்கை தேவைப்படவில்லை.

ஆணைக்குழு ஏற்காததற்கு நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். துவக்கு முனையில் எழுதிய கடிதத்தை ஏற்றால், அடுத்த வீ.சி.யையும் துவக்குத்தான் தெரிவு செய்யும். இன்றைக்கு வந்தாறுமூலை, நாளைக்கு இன்னொன்று. பேரவை, மூன்று பெயர், ஜனாதிபதி நியமனம் என்று சட்டம் போட்டிருக்கும் வழியெல்லாம் வெறும் கடதாசியாகும். கொள்கை என்று பார்த்தால் ஏற்காமல் விட்டது சரி.

ஆனால் கொள்கையைக் காப்பாற்றியவர்கள் அதற்கான விலையை யார் கட்டுவது என்று யோசித்தார்களா? இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு கிளைக் கந்தோரில் இருந்தேன். எங்கள் பொறுப்பதிகாரிக்கு ஒருநாள் மொட்டைக் கடிதம் வந்தது. அவர் இடமாற்றம் கேட்டு எழுதினார். அதை நான்தான் தட்டெழுத்தில் அடித்தேன், மூன்று பிரதி, நடுவில் கார்பன். 'தனிப்பட்ட காரணங்களுக்காக' என்று போடச் சொன்னார். உண்மைக் காரணத்தை எழுதினால் கடிதம் போகும் வழியில் எத்தனை பேர் பிரித்து வாசிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மூன்று கிழமை பதில் இல்லை. பிறகு தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு வரி வந்தது: சேவைத் தேவை கருதிக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. தனிப்பட்ட காரணம் என்று எழுதியவருக்கு வேறென்ன பதில் வரும்? அதன் பிறகு மனுசன் ஒருநாள் மண்முனைத் துறையால் வருவார், மறுநாள் அம்பிளாந்துறைத் துறையால் வருவார். அப்போது மண்முனையில் பாலம் இல்லை. பாலம் வந்தது 2014இல். தோணியில் ஏறும்போது சைக்கிளைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொள்வார், யாரும் கிட்ட வராதபடி. எங்கள் அதிர்ஷ்டம், அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த எட்டு மாதம் அவர் கையெழுத்தைப் பார்த்தவன் நான். முதலெழுத்து வர வரச் சின்னதாகிக்கொண்டே போனது.

'ஏற்கப்படவில்லை' என்று எழுதுகிற கைக்கு அந்தச் சொல்லோடு வேலை முடிகிறது. அதை வாங்குகிறவருக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

ரவீந்திரநாத்துக்கும் ஏறக்குறைய அதேதான் நடந்தது, இன்னும் பெரிய அளவில். அவர் விலகிவிட்டார் என்று மட்டக்களப்பில் ஒரு தரப்பு எதிர்பார்த்தது. அவர் விலகவில்லை என்று கொழும்பு சொன்னது. துவக்கு வைத்திருப்பவன் வர்த்தமானி வாசிப்பதில்லை. கடிதம் கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டார் என்றே எடுத்திருப்பான். மிரட்டலுக்குப் பணிந்தவருக்குக் கிடைக்கிற பாதுகாப்பும் இல்லை, பணியாதவருக்குக் கிடைக்க வேண்டிய காவலும் இல்லை.

கொழும்பில் இருந்தபடி வந்தாறுமூலையை நடத்துவது என்றால் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு, வெலிக்கந்த, பொலனறுவை என்று முந்நூறு கிலோமீற்றர் கழிந்துதான் கொழும்பு. வீ.சி. ஒப்பமிட வேண்டிய கோப்புகள் அந்த வழியால் போய்வர வேண்டும், அந்த நாட்களின் அத்தனை சோதனைச் சாவடிகளையும் தாண்டி. பேரவைக் கூட்டம், மூதவைக் கூட்டம், நியமனம், கேள்விப்பத்திரம், பரீட்சை முடிவு, ஒன்றும் தலைவர் இல்லாமல் நகராது. 2006இல் காணொளிக் கூட்டம் என்று ஒன்றை எங்கள் கந்தோர்கள் கனவிலும் கண்டதில்லை. அவர் பதவியில் இருக்க வேண்டும் என்று சொன்னதன் பயன் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்? இருப்பவர் இல்லாதவர் மாதிரி, இல்லாதவர் இருப்பவர் மாதிரி.

வேறு வழி இருந்ததா? இருந்தது. பதில் துணைவேந்தரை நியமித்துவிட்டு, அவருக்குச் சம்பளத்தோடு நீண்ட லீவு கொடுத்திருக்கலாம். ஆராய்ச்சி விடுப்பு என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பியிருக்கலாம். பேராசிரியர்களுக்கு அது புதிய விசயமே இல்லை. இராஜினாமா நிலுவையில் இருக்கிறது என்றாவது பகிரங்கமாக அறிவித்திருக்கலாம். ஏற்கவில்லை, பதவியில் இரு என்று அரசாங்கத்தின் பெயரால் சொன்னால், அடுத்த வரியிலேயே வாசலுக்கு இரண்டு பொலிஸ்காரரையும் ஒரு வாகனத்தையும் எழுதியிருக்க வேண்டும். மறுக்கிற உரிமையோடு காக்கிற கடமையும் வருகிறது. என்னைக் கேட்டால், இந்த முழு விவகாரத்தின் பிழை அந்த எழுதப்படாத அடுத்த வரியில்தான்.

டிசெம்பர் 15

அன்று வெள்ளிக்கிழமை. இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் ஆண்டு அமர்வு கொழும்பு 7இல் நடந்துகொண்டிருந்தது. துணைவேந்தர் ஒருவர் தலைமறைவாக வாழவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மட்டக்களப்பில் நடமாட முடியாதவர் விஞ்ஞானிகள் கூட்டத்துக்குப் போனார். அது அவருடைய உலகம். தாள் வாசிப்பார்கள், யாராவது வரைபடத்தில் பிழை பிடிப்பார்கள், இடைவேளையில் ரீயும் கேக்கும் வரும், பழைய வகுப்புத் தோழர் ஒருவர் தோளில் தட்டுவார்.

அமர்விலிருந்து கிளம்பியவர் வீடு போய்ச் சேரவில்லை. குடும்பத்தினர் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார்கள். அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் என்று அறியப்பட்டது. அடையாள அட்டை இல்லாமல் தமிழ் ஆள் ஒருவர் ஒரு சந்தியைக் கடக்க முடியாத காலம் அது. அத்தனை காவலுக்கு நடுவில் ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தரைக் கொண்டுபோக முடிந்திருக்கிறது.

செய்தி வந்த அன்று நான் செங்கலடியில் இருந்தேன். சந்தியில் பழைய ரீக் கடை ஒன்று, பிளேன்ரீயை மேசையில் வைத்துக்கொண்டே கடைக்காரர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "என்ன மனே, எழுதிக் குடுத்திட்டுத்தானே போனவரு? மறுகா ஏன் புடிச்சவனுகள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஏற்கப்படவில்லை என்ற ஆணைக்குழுவின் முடிவை அவருக்கு விளக்கப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். எழுதிக் கொடுத்தால் முடிந்தது என்பது அவருடைய உலகத்து நியாயம், அதில் பிழை இல்லை.

கோப்பு

சர்வதேசக் கல்வியாளர் அமைப்புகள் கடிதம் எழுதின. மனித உரிமை அறிக்கைகளில் பெயர் ஏறியது. வந்தாறுமூலையில் வேறு ஆட்கள் கதிரையில் இருந்தார்கள், தவணைகள் மாறின, மாணவர் தொகுதிகள் வந்து போயின. 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் வந்தது. அதே வருடம், மரணச் சான்றிதழ் கேட்க மனம் வராத குடும்பங்களுக்காகக் 'காணாமற்போனமைக்கான சான்றிதழ்' என்று ஒன்றையும் சட்டமாக்கினார்கள். அதைக் கேட்டு விண்ணப்பப் படிவம் நிரப்பியவர்களுக்கு நான் பக்கத்திலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'இறுதியாகக் கண்ட திகதி' என்ற கூடு வரும்போது எல்லோரும் பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள். திகதி மறந்து அல்ல.

பல்கலைக்கழக ஆசிரியருக்கு ஓய்வு வயது 65. 2006இல் 55 என்றால், எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் ரவீந்திரநாத் 2016 அளவில் ஓய்வுபெற்று, வயலோ வாசிப்போ என்று இருந்திருப்பார்.

2025 ஏப்ரல் 8ஆம் திகதி மட்டக்களப்பில் வைத்து, கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தனைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைது செய்தது. நாங்கள் எல்லோரும் பிள்ளையான் என்று சொல்கிறவர், கருணாவோடு புலிகளை விட்டுப் பிரிந்தவர்களில் ஒருவர். துணைவேந்தர் கடத்தல் தொடர்பாக, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என்று பொலிஸ் அறிவித்தது. கைது தீர்ப்பு இல்லை. குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் வேலை, என்னைப் போன்ற பழைய எழுதுவினைஞனுடைய வேலை அல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துத்தான் இதையும் விசாரிக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் எத்தனை பேரை அதே சட்டத்தில் வருடக்கணக்கில் வைத்திருந்தார்கள்.

செய்தி வந்த கிழமை அந்தச் சந்திக்குப் போனேன். ரீக் கடை இருந்த இடத்தில் இப்போது ஃபோன் கடை. உள்ளே இருந்த பொடியனிடம் பழைய கடைக்காரரைக் கேட்டேன். தன்னுடைய பெரியப்பா என்றான், காலமாகி ஐந்து வருடமாம். அவர் கேட்ட கேள்விக்கு ஆள் பிடிபட்டிருக்கிறது என்று சொல்ல வந்தவன், ஒரு ரீலோட் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.